அவசரம் என்றால் இங்கே வேறு அர்த்தம்

சுபா,

உன் செல்போன் ஃபிரிட்ஜின் மேல் கிடக்கிறது. பெட்டிக்குப் பூட்டும் ஒரு போர்வையும் வாங்க நீயும் அப்பாவும் சாலைக் கடைத்தெருவுக்குக் கிளம்பினீர்கள். நீங்கள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. முன்பானால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடி வந்திருப்பேன். இன்று ஓடவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தாய், கூப்பிடவும் இல்லை. உன் நீலக் குடை கோயில் திருப்பத்தில் மறையும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லப் போனால் நான் வேறு எதையாவது பேசிவிடுவேன். நீயும் பாதியில் எழுந்து போய்விடுவாய். எழுதி வைத்தால், நீ பாதியில் எழுந்து போனாலும் மீதி இங்கேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு ஹைதராபாத் ரயில். பெரிய ஓட்டலின் காலைச் சமையலறை. விடியும் முன்பே உள்ளே நிற்க வேண்டும். முதல் ஆறு மாதம் உன்னைப் பார்ப்பார்கள், நேரம் தவறுகிறவர்களை அதற்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார்களாம். நான் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டே, தினமும் எத்தனை மணிக்குப் போன் செய்து உன்னை எழுப்பட்டும் என்று கேட்டேன். நீ என் எதிரில் வந்து உட்கார்ந்தாய்.

"அம்மா, ஒரு காரியம் சொல்லட்டா? தேஷ்யப்படக் கூடாது."

"கோவமெல்லாம் படல, சொல்லு."

"காலைல நீ என்னைக் கூப்பிட வேண்டாம், கேட்டோ. ஒரு நாள்கூட வேண்டாம்."

"எந்திரிக்கலேன்னா?"

"எந்திரிக்கலேன்னா லேட்டாவேன். திட்டு வாங்குவேன். அது என் காரியம்."

"வேலையே போயிட்டுன்னா?"

"மதிம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்தாய். பேச்சைப் போதும் என்று முடிக்கும்போது மட்டும் நீ முழு மலையாளத்துக்கு மாறிவிடுவாய். நான் "பாக்கலாம்" என்றேன். என் "பாக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது உனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபித்துக்கொண்டும் இல்லை, கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதுபோல் போய்விட்டாய். நான்தான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். உன்னைக் கூப்பிடுவது எனக்கு எப்படி வேலையானது என்று முதலில் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாம் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் சொந்தக்காரர் வைத்திருந்த மொத்தத் துணிக்கடையில் அப்பாவுக்குக் கணக்கு வேலை. கரமனையில் வாடகை வீடு. ஜூன் மழையில் பள்ளிக்கூடம் திறந்தது. அப்போது யார் மலையாளம் பேசினாலும் அதில் முக்கால்வாசி எனக்குத் தமிழாகவே கேட்டது. கொஞ்சமும் புரியாமல் இருந்திருந்தால் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் முதல் பெற்றோர் கூட்டத்தன்று, சொட்டும் குடையோடு உன் வகுப்பு ஆசிரியை முன்னால் நின்றேன். அவர் உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சுபைக்குக் குறச்சு அவசரம் கொடுக்கணும், கேட்டோ. அவளுக்கு எல்லாம் அறியாம்." நான் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது இதுதான்: உன் பெண்ணுக்கு அவசரம் போதாது, அதை நீதான் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் அறியாமல் இருக்கிறாள். அவர் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னதை, பாவப்பட்டுச் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலும் நீ அப்படித்தான் இருந்தாய் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு காலில் சாக்ஸைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பல் தேய்க்கப் போனவள் குழாயடியில் சோப்பு நுரையில் கோட்டை கட்டிக்கொண்டிருப்பாய். நானும் ஸ்டாச்சூ சந்திப்புப் பக்கத்தில் மருந்து மொத்த வியாபார அலுவலகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். அதனால் அந்த வருடம் முழுக்க உனக்கு அவசரம் கொடுத்தேன். கையைத் தட்டினேன், பத்துவரை எண்ணினேன், அலாரக் கடிகாரத்தை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் பின்னாலேயே "ம், ம், சீக்கிரம்" என்று நடந்தேன். நான் துரத்தத் துரத்த நீ இன்னும் மெதுவானாய். எதையோ எடுக்கப் போய், என் குரலைக் கேட்டதும் என்ன எடுக்க வந்தோம் என்பதையே மறந்து அறை நடுவில் நிற்பாய். அப்போது உன் முகத்தில் ஒரு பார்வை இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தையின் பார்வை. அதையும் நான் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலையில் அந்த அவசரம் உடைந்தது. அப்பா முற்றத்துக் கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். நீ ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தாய். நான் பொறுமை இழந்து கத்தினேன்.

"ஒங்க டீச்சரே சொன்னாங்கட்டி, ஒனக்கு அவசரம் கொடுக்கணும்னு!"

நீ நிமிர்ந்து பார்த்தாய். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "டீச்சர் அப்படியா பறஞ்சா?"

"என்னட்டி சிரிக்கே?"

"அம்மா, அவசரம்னா சான்ஸு! டிராமாவுக்கு, பாட்டுக்கு எல்லாம், 'இனி சுபைக்கு ஒரு அவசரம்'னு டீச்சர் பறையும். எனக்குச் சான்ஸ் கொடுக்கச் சொல்லியிருக்கா. நீ கொடுக்கவே இல்லியே?"

"அப்ப எல்லாம் அறியாம்னா?"

"எல்லாம் தெரியும்னு!"

அப்பா சிரித்த சிரிப்பில் தாடையில் பிளேடு பட்டு ரத்தம் வந்தது. நுரையைத் துடைக்காமலே என்னைப் பார்த்து, "ஏளா, ஒரு வருசமா புள்ளைய ஓட ஓட வெரட்டுனது இதுக்குத்தானா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதை நம் வீட்டில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை நான் உன்னிடம் சொன்னதில்லை. அதற்குள் எனக்கு மலையாளம் நன்றாகவே வந்திருந்தது. சந்தையில் மீன்காரியோடு பேரம் பேசுவேன், அலுவலகத்தில் மலையாளத்தில் சண்டைகூடப் போடுவேன். பிறர் வாயில் "அவசரம்" என்று வந்தால் வாய்ப்பு என்று புரிந்துகொண்டேன். அந்த முதல் நாள் வாக்கியத்தை மட்டும் எடுத்துப் புதிய காதால் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உன்னைப் பற்றி முதலில் என்ன கேள்விப்பட்டேனோ அதிலேயே நின்றுவிட்டேன். நாளை உன்னைப் பற்றி உன் சமையலறையில் யாராவது முதல் வாரமே ஒரு முடிவுக்கு வரலாம். அது அவர்கள் காதில் தவறாக விழுந்த வாக்கியமாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இனி அப்பாவின் தண்ணீருக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குச் சாமி நம்பிக்கையே அரைகுறை. ராகுகாலம் பார்க்க மாட்டார், பூனை குறுக்கே போனால் அதோடு பேசுவார். ஆனால் வாசலைத் தாண்டும் விஷயத்தில் இரண்டு சாங்கியங்களை விடவே மாட்டார். கிளம்பிப் போனவர்கள் எதையாவது மறந்து திரும்பி வந்தால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். கிளம்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மற்ற வீடுகளில் இந்த முதல் சாங்கியம் மாதத்துக்கு ஒரு முறை நடக்கும். நம் வீட்டில் தினம் நடந்தது. நீ தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்புவாய், அப்பா "உக்காரு" என்பார். ஜாமெட்ரி பாக்ஸுக்குத் திரும்புவாய், மறுபடி "உக்காரு". தெருமுனையில் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"பஸ்ஸு போயிரும், விடுங்க அவள!"

"போனா போட்டும். நான் சைக்கிள்ல கொண்டு விடுதேன். திரும்பி வந்தவ தண்ணி குடிக்காமப் போகப்படாது. ஏட்டி, மெள்ளக் குடி, பொறையேறிரும்."

அந்த அவசரக் கதை உடைந்த பிறகுதான் நான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். நீ முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பாய். பாதி டம்ளரில் உன் கண் நிலைக்கும். "அம்மா, டயரியும் எடுக்கல," என்பாய். இன்னும் ஒரு மடக்கு. "இன்னிக்கு டிராயிங். கலர் வேணும்." நான் வருடம் முழுக்கக் கத்தி உன் நினைவுக்குக் கொண்டுவர முடியாததை அந்த ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தது. அதற்கு அப்புறம் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். முதல் தடவை கிளம்பும் முன்பே பையை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட வேண்டும். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "அது திரும்பி வாரவங்களுக்குள்ள சாங்கியம்லா?" என்றார். "இவ எப்படியும் திரும்பித்தானே வருவா, முன்கூட்டியே குடிச்சிட்டுப் போட்டும்," என்றேன். அவர் உன் பக்கம் குனிந்து, "சாமிக்கே கணக்குச் சொல்லித் தருவா போலிருக்கு," என்று உன்னிடம் சொன்னார்.

உனக்குப் பத்து வயதானபோது ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் போனோம். போக வேண்டாம் என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஒரு பேர் கட்டாதே என்றார்கள். அந்த டாக்டர் ஏடிஎச்டி என்றார். எனக்கு அதைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. கிடைத்த சொல் கவனக்குறைவு. சொல்லிப் பார்த்தால் அது நோயின் பேராக இல்லை, திட்டாக இருந்தது. கவனக்குறைவால் விபத்து என்றுதானே எழுதுகிறோம். டாக்டரிடமே அதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, உனக்குக் கவனம் குறைவில்லை என்று விளக்கினார். மின்விசிறிச் சத்தம், என் வளையல் சத்தம், வெளியே ஆட்டோவின் சத்தம், அவர் கேட்கும் கேள்வி எல்லாம் உன் காதில் ஒரே உயரத்தில் விழுகின்றன, எதை விட்டுவிடுவது என்று தெரிந்தெடுப்பதுதான் உனக்குச் சிரமம் என்றார். வளர்ப்பினால் வந்ததும் இல்லை, சோம்பலும் இல்லை என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நீ அவருடைய பேனாவைப் பிரித்து ஸ்பிரிங்கை நெற்றியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். சில மாதம் மருந்தும் கொடுத்துப் பார்த்தோம். உனக்குப் பசியே இல்லாமல் போனதால் அவரைக் கேட்டே நிறுத்தினோம்.

அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை இன்றும் நினைத்துக்கொள்வேன். காலையில் இவளிடம் என்ன சொல்வீர்கள் என்றார். "கிளம்பு" என்று சொல்வேன் என்றேன். கிளம்பு என்பதற்குள் எத்தனை வேலை இருக்கிறது, எண்ணுங்கள் பார்ப்போம் என்றார். நான் விரல் மடக்கினேன். எழுவது, பாயைச் சுருட்டுவது, பல் தேய்ப்பது என்று போய், தலை பின்னுவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது. எனக்கு அது ஒரு சொல். உனக்கு அது ஒரு மூட்டை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மூட்டையை அவிழ்த்தோம். சாயங்காலமே உன் சீருடையை நாற்காலியில் போடும் வரிசையில் விரித்து வைத்தோம். சாய்மானத்தில் சட்டை, அதன்மேல் ரிப்பன், இருக்கையில் பாவாடை, கீழே சாக்ஸ் திணித்த ஷூ. கடையிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டு, "சேர்ல உக்காந்திருக்கது யாரு, சுபாவோட தங்கச்சியா?" என்றார். அதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நம் வீட்டில் ஒரே கேள்விதான்: தங்கச்சி ரெடியா? பள்ளிக்கூடம் முடியும்வரை உனக்கு அந்தத் தங்கச்சி இருந்தாள். ஹைதராபாத் விடுதியில் உன் அறையில் கட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள். காலையில் இருட்டில் தேடுவதை முந்தின நாள் வெளிச்சத்திலேயே முடித்துவிடு.

எல்லா ஏற்பாடும் இப்படி நிலைக்கவில்லை. சுவரில் நான் கலர் கலராக ஒட்டிய அட்டவணை ஒரு வாரம் உன்னை இழுத்தது. பிறகு அது சுவராகிவிட்டது. நீ அதைத் தாண்டிப் போவாய், உன் கண் அதைத் தொடாது. நட்சத்திரம் ஒட்டினேன், மணி கட்டினேன், எல்லாம் கொஞ்ச நாள்தான். ஒவ்வொன்றும் நின்றுபோனபோது நான் தோற்றுவிட்டதாக நினைத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. உனக்கு ஒரு ஏற்பாடு பழகிப்போனால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது; அப்போது அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டியதுதான். விடுதியில் நீ செய்யும் ஏற்பாடு ஒன்று நாளாக நாளாக வேலை செய்யாமல் போனால், பழைய சுபாவாகிவிட்டேன் என்று அழுதுகொண்டு உட்காராதே. அது சுவராகிவிட்டது, அவ்வளவுதான்.

எதுவும் மாற்றாமல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை நான் செய்யவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில், வீட்டில் ஒரு பொறுப்பு வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்தும் வேலையை உன்னிடம் கொடுத்தேன். போடுவது உனக்கு மறக்காது. நிறுத்துவது மறக்கும். மேலே தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து வீட்டு லீலா சேச்சியின் முற்றத்தில் மழையாகப் பெய்யும். சேச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"எடி சுபே! மோட்டோர் ஓஃப் செய்யடி! என்றெ முளகெல்லாம் நனஞ்ஞு!"

நீ ஓடுவாய். சேச்சியின் மிளகாய் காய்வதும் நனைவதுமாகவே ஒரு கோடை போனது. "ஈ கொச்சு காரணம் என்றெ சாம்பாரினு எரிவே இல்ல," இந்தப் பிள்ளையால் என் சாம்பாரில் காரமே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் கடிகாரம் வைத்தேன். கையில் நூல் கட்டினேன். மோட்டார் ஓடும்வரை அங்கேயே நிற்கச் சொன்னேன். நின்றாய், ஆனால் ஒரு ஓணானைப் பார்த்துக்கொண்டு. வேலையைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த அன்று நீ மொட்டைமாடிக்கு ஏறிப் போனாய். தொட்டியிலிருந்து வழியும் குழாய்க்கு நேர் கீழே, இட்லிப் பானையின் ஓட்டை அலுமினிய மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினாய். அன்று சாயங்காலம் தொட்டி நிறைந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி தடதடவென்று ஒரு சத்தம். லீலா சேச்சி செண்டை மேளம் என்று நினைத்து வெளியே வந்துவிட்டாள். முதல் சொட்டு விழுந்ததுமே நீ சுவிட்சுக்கு ஓடியிருந்தாய். அந்த மூடி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் யோசித்ததெல்லாம் உன்னை நினைவு வைத்துக்கொள்ளச் செய்வது எப்படி என்று. நீ யோசித்தது, தண்ணீரே உன்னைக் கூப்பிடும்படி செய்வது எப்படி என்று.

அதைப் பார்த்த பிறகாவது நான் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. நீ வளர வளர மறந்த பொருட்களும் பெரிதாயின. நான் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் தூரமும் கூடியது. பள்ளிக்கூட வாட்ச்மேன் என்னைக் கண்டதும் கேட்காமலே கேட்டைத் திறப்பார். பிளஸ் டூ பரீட்சையில் வேதியியல் அன்று ஹால் டிக்கெட்டை மேசையில் விட்டுப் போனாய். நான் ஆட்டோவில் வந்து, மணி அடிக்கும் முன் உன் கையில் கொடுத்தேன். நீ நன்றி சொல்வாய் என்று நினைத்தேன். நீ அதை வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "நீ வரலேன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியவே தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அப்போது அது எனக்குக் குத்தலாகப் பட்டது. திரும்பி வரும் ஆட்டோவில் அழுதேன். அதே வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னைக் குத்தவில்லை. உனக்கு எது தெரியாது என்பதை எனக்குச் சொன்னாய்.

போன வருடம் உன் கேட்டரிங் கல்லூரியில் பெற்றோருக்கு விருந்து வைத்த நாளில், சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. நான்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றில் ஆவி, ஒன்றில் கொதி, எங்கோ ஒரு மணி, யாரோ உன் பேரைச் சொல்லித் தட்டு கேட்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். நீ மட்டும் ஆடுவதுபோல் திரும்பித் திரும்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரே உயரத்தில் விழும் சத்தங்கள் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே எல்லாமே ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன, உனக்கு அது பழகிய வீடு. அங்கே உனக்கு என் குரல் தேவைப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷம்தான். கூடவே, பையில் கையை விட்டு எதையோ தேடி, அது இல்லை என்று கண்டதுபோலவும் இருந்தது. உன் ஹால் டிக்கெட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் தூக்கி ஓடிய காலமெல்லாம் எனக்கும் ஒரு வேலையாக இருந்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் அந்த வேலை போகிறது என்பதால்தான் "பாக்கலாம்" என்றேனோ என்னவோ. உன் வேலை போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. அதற்குள் இதுவும் கலந்திருந்தது.

இன்று ஜன்னலில் நின்றபோது உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு அப்பாவின் இரண்டாவது சாங்கியம் நினைவுக்கு வந்தது. போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. இத்தனை வருடம் அதை வாசலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஹைதராபாத்துக்குப் போன் செய்வதும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதான் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால், சுபா, காலையில் உன்னைக் கூப்பிட மாட்டேன். ஒரு நாள்கூட மாட்டேன். நான் அந்த நேரத்தில் எப்படியும் விழித்திருப்பேன். அதை நிறுத்த என்னால் முடியாது, நீயும் அதைப் பற்றி வருத்தப்படாதே. எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உனக்கும் அங்கே அடுப்பு பற்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எழுந்திருக்க நீ என்ன மூடியைக் கவிழ்த்து வைக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அது முதல் வாரம் பலிக்காமல் போகலாம். நீ திட்டு வாங்கலாம். வேலையே போனாலும், நீ திரும்பி வருவது மறந்ததை எடுக்க வருவதுபோல்தான். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போவாய். உனக்குத் தோன்றும்போது நீ என்னைக் கூப்பிடு. முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக் கூப்பிடுவதற்கு உன் அப்பாவிடம் எந்தத் தடையும் இல்லை.

உன் டீச்சர் அன்று கேட்டதை இத்தனை வருடம் கழித்துக் கொடுக்கிறேன். இந்த ஊர் அர்த்தத்தில், கொஞ்சம் அவசரம்.

கேட் சத்தம் கேட்கிறது. செல்போனுக்குத்தான் வருகிறாய், "மெள்ள, மெள்ள" என்று அப்பாவின் குரலும் பின்னால் வருகிறது. முக்காலியை இழுத்துப் போட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்க எழுந்திருக்கிறேன்.

அம்மா